பூட்டிய அறையில் சாம்பிராணி

அக்கா,

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் சாம்பிராணி வாசம் மூக்கில் ஏறியது. எங்கள் மாடியில் புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் குடிவந்திருக்கிறது. அவர்கள் வீட்டுக் கதவிடுக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கதவைத் தட்டினேன். மணி இருந்தது கண்ணில் படவில்லை, இரண்டு கையாலும் தட்டினேன். அந்தப் பெண் மிரண்டுபோய்த் திறந்தாள். உள்ளே வெள்ளிக்கிழமை பூஜை. ஜன்னல்கள் திறந்திருந்தன, குழந்தை யாரும் இல்லை. "என்னங்க ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்று அசடு வழிந்தேன். டெல்லி துவாரகாவில் இத்தனை வருஷம் மரியாதையாகக் குடியிருந்தவள், ஒரே சாயங்காலத்தில் பைத்தியக்காரி என்று பெயர் வாங்கியாயிற்று.

பின்னால் என் மகள் நின்றிருந்தாள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. "அம்மா, க்யா ஹுவா உனக்கு? ஏன் அப்படித் தட்டின?" என்று கேட்டாள். பதில் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். ஒருவர் என் கணவர், அவர் வாயைத் திறக்கமாட்டார். இன்னொருவர் நீங்கள், போன மாதம் நாகர்கோவிலில் கண்ணை மூடிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது நான்.

பதினாறு, பதினேழு வருஷத்துக்கு முன்னால் டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் உங்கள் கதவும் எங்கள் கதவும் எதிரெதிரே இருந்தன. நீங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், பாதி நாள் நைட் டூட்டி, பகலில் தூக்கம். நான் மினிஸ்ட்ரியில் குமாஸ்தா, எட்டு மாதக் குழந்தையோடு லீவில் இருந்தவள். நர்ஸம்மா என்றால் கைவைத்தியத்தைக் கண்டாலே முகம் சுளிப்பார் என்று நினைத்திருந்தேன். நீங்களோ பால்கனியில் எண்ணெய் டின்னில் கற்பூரவல்லி வளர்த்தீர்கள். வயிற்று உப்புசத்துக்கு வசம்பைச் சுட்டுத் தொப்புளைச் சுற்றித் தடவினால் ஒன்றும் சொல்லமாட்டீர்கள். ஆனால் காதுக்குள் எண்ணெய் விடப் போனபோது கையைத் தட்டிவிட்டீர்கள். ஒரு வயதுக்கு முன்னால் தேன் நாக்கில் படக்கூடாது என்று பாட்டிலையே எடுத்துக்கொண்டு போனீர்கள். குழந்தை தும்மினாலும் உங்கள் வாயிலிருந்து மூன்று கேள்வி வரும்: "என்ன குடுத்த? எவ்வளவு குடுத்த? எப்பம் குடுத்த?"

எனக்கு அது பிடிக்கவில்லை, அக்கா. இப்போது சொல்வதற்கென்ன. என் பிள்ளைக்கு நான் கொடுப்பதற்கு இவளிடம் ஏன் கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது.

அந்த ஜனவரியில் மகளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு விடும்போது பூனை உறுமுவதுபோல் சத்தம். டாக்டர் கொடுத்த மருந்து மூன்று நாளாகியும் கேட்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டினால் சளி இறங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லித் தரவில்லை, பழியை யார் தலையிலும் போடப்போவதில்லை. முந்தின நாள் உங்களிடம் கேட்டபோது, "புகை வேண்டாம் மக்ளே, பிள்ளைக்கு மூச்சே பாடாட்டு இருக்கு" என்றீர்கள். சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை நீங்கள் டூட்டி முடிந்து வந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன். அப்புறம் மாடிப்படிக்குக் கீழே துணி இஸ்திரி போடுகிறவரிடம் போய்க் கரி கேட்டேன். அவர் தன் இஸ்திரிப் பெட்டியிலிருந்தே கனிந்த கரியை ஒரு இரும்புச் சட்டி நிறைய அள்ளிக் கொடுத்தார். "பாபிஜி, கிட்கீ குலீ ரக்னா" என்றார். ஜன்னலைத் திறந்து வைக்கத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. அதற்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

வெளியே பனிமூட்டம், எதிர் பிளாக்கே தெரியவில்லை. ஜன்னல் இடுக்குகளில் ஏற்கெனவே செய்தித்தாள் ஒட்டியிருந்தேன். வாசம் உங்களுக்கு வந்துவிடக்கூடாது என்று வாசற்கதவின் அடியில் பழைய போர்வையையும் திணித்தேன். குழந்தைக்குப் புகை காட்டி முடித்தேன். கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அறையாவது சூடாக இருக்கட்டும் என்று சட்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். அரைமணி நேரத்தில் குழந்தையின் உறுமல் அடங்கியது. மூன்று நாளாகத் தூங்காத பிள்ளை தூங்கிவிட்டாள். எனக்குத் தலை பாறையாகக் கனத்தது, தூக்கம் கெட்டதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஜெயித்துவிட்டேன் என்றும் நினைத்தேன்.

அப்போதுதான் நீங்கள் தட்டினீர்கள். போர்வையைத் தாண்டியும் வாசம் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசல்வரை வந்தேன், திறக்கவில்லை.

"இப்பதான் தூங்குறா அக்கா. அப்பறம் வாங்களேன்."

"கதவத் தொற."

"நல்லாத்தான் இருக்கா அக்கா."

"பிள்ள ஒறங்குதா, மயங்கிக் கெடக்கா? எழுப்பிப் பாத்தியா நீ?"

நான் எழுப்பிப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளை எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை, விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நீங்கள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனீர்கள். சட்டியைப் பார்த்தீர்கள். ஒரு கையால் குழந்தையை வாரிக்கொண்டு, மறுகையால் பால்கனிக் கதவைத் திறந்து அந்தப் பனிக்குள் இறங்கினீர்கள். "குளிர்ல கொண்டு போறீங்களே" என்று கத்தினேன். நீங்கள் திரும்பவில்லை. அவள் தலை உங்கள் முழங்கையில் தொங்கியது. உள்ளங்காலைச் சுண்டினீர்கள். ஒன்றுமில்லை. மறுபடி சுண்டினீர்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். மூன்றாம் தடவைதான் மெல்லிசாக ஒரு அழுகை வந்தது.

ஆட்டோவில் என்னை வெளிப்பக்கம் உட்காரவைத்துக் காற்றுப் படவைத்தீர்கள். அதுகூட எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹிந்தியில் என்னிடம் கேட்டார், குழந்தைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று. "குச் நஹீ" என்றேன். ஒன்றுமே கொடுக்கவில்லையாம். பெற்ற பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடக்கிறாள், எனக்கு என் மானம் பெரிதாக இருந்தது. நீங்கள் என் முகத்தை ஒருதடவை பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "கோய்லே கா துவா. பந்த் கம்ரா. ஆதா கண்டா." கரிப் புகை, பூட்டிய அறை, அரைமணி நேரம். உங்கள் மூன்று கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். உடனே ஆக்ஸிஜனுக்கு ஓடினார்கள். திரும்பினால், ஆபீஸிலிருந்து ஓடிவந்த என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல், எல்லாவற்றையும் கேட்டபடி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மகள் பிழைத்தாள், இரண்டே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் உங்களோடு ஹோலிவரை பேசவில்லை. பிள்ளை உயிரைத் திருப்பிக் கொடுத்தவளை ஒன்றரை மாதம் முறைத்துக்கொண்டு திரிந்த ஜென்மம் நான். கணவர் கும்பகோணத்துக்குப் போன் செய்து, "டெல்லிக் குளிர் தாக்கிடுச்சும்மா" என்று தன் அம்மாவிடம் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அந்தப் பொய்யை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஹோலிக்கு மறுநாள் மகளுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் உங்கள் கதவைத் தட்டினேன். ஒரே தட்டில் திறந்தீர்கள். பழசு எதையும் பேசவில்லை, மூன்று கேள்வி மட்டும் கேட்டீர்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக உண்மையான பதில் சொன்னேன். அதற்குப் பிறகு பாதி நாள் உங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள்.

ஆனால் பொய்யும் கூடவே வளர்ந்தது. இரண்டு ஸ்வெட்டர், குரங்குத் தொப்பி. ஸ்கூலில் மணாலிக்குக் கூட்டிப் போனபோது அனுப்பவில்லை. "இவளுக்குக் குளிர் ஆகாது, சின்னதுல சாகக் கெடந்தா" என்று ஊரெல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். "பிள்ளைக்குக் குளிரு ஒண்ணும் செய்யல்ல. நீயே சொல்லிரு மக்ளே. நான் சொன்னா அது கோளு" என்பீர்கள். ரிட்டயராகி ரயில் ஏறும்போதும் கேட்டீர்கள், "சொல்லிட்டியா?" ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போனில் கேட்டீர்கள். கடைசியாகப் பேசியபோது உங்களுக்கே மூச்சு வாங்கியது, அப்போதும் அதைத்தான் கேட்டீர்கள். சொல்கிறேன் அக்கா என்றேன்.

கதவைத் தட்டி அசடு வழிந்த அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் வந்ததும் மகளின் மேஜைமேல் ஒரு விண்ணப்பம் கிடந்தது. இமாசலத்தில் தோட்டக்கலைப் படிப்பு. சின்ன வயதில் உங்கள் கற்பூரவல்லி டின்னுக்குத் தண்ணீர் ஊற்றிப் பிடித்த பைத்தியம் அது. பேர்கூட எழுதாமல் வைத்திருந்தாள். கேட்டால், "அங்க பனி கொட்டும்மா. எனக்குத்தான் ஆகாதே. ரெஹனே தோ, விட்டுடு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்திரிக் கரி, போர்வை, "குச் நஹீ", எதையும் விடவில்லை. அவள் அழவில்லை. "ஜன்னல் எல்லாம் பந்த்-ஆ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஆன்ட்டி தட்டினப்போ நீ திறக்கலயா?" உடனே திறக்கவில்லை என்றேன். பிறகு எழுந்து, ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றாள். ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போகக் கால் பரபரத்தது. போகவில்லை, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே வந்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது. "குளிர்தான் அடிக்குது, வேற ஒண்ணும் ஆகல" என்றாள். அப்புறம் கோபமாகச் சொன்னாள், "போன மாசமே சொல்லியிருக்கலாம்ல? ஆன்ட்டி இருந்தாங்கல்ல?"

ஸ்வெட்டரை மடித்து அலமாரியில் வைத்தேன் அக்கா. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஹோலிவரை இழுக்காமல் விட்டாளே, அந்த மட்டும் அவள் என்னைப்போல் இல்லை. நேற்று விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தனக்குத் தமிழ் எழுத வராது, ஆன்ட்டிக்கு நீ எழுது, நான் சொல்கிறேன் என்றாள். அதற்காகத்தான் இந்த மடலையே ஆரம்பித்தேன். அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஆன்ட்டி, அம்மா திறக்கலன்னு நீங்க திரும்பிப் போகல. தேங்க்ஸ்."