பேசுபவர் ஒருவர், கேட்பவர் ஒருவர்

ஜூன் 4

அன்புள்ள பசைக்கு,

குண்டூசி எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மேடையில் இரண்டு மணி நேரம் நின்றபடியே பேசுகிறாயாம். உட்கார்ந்து பேசினால் உன்னை யார் எழுப்பிவிடப் போகிறார்கள்?

போன வாரம் ஓய்வூதிய அலுவலகத்தில் நம் பழைய கண்காணிப்பாளரைப் பார்த்தேன். தலைமுடி போய்விட்டது, குரல் போகவில்லை. "என்னம்மா குண்டூசி, நம்ம பசை எங்க இருக்கா?" என்று வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நீ தாள்களை ஒட்டுவதும் நான் குத்துவதுமாக இருந்ததற்கு அவர் வைத்த பெயர்கள் அவருக்கே மறக்கவில்லை. உன் புத்தகம் வரப்போகும் செய்தியையும் அவர்தான் சொன்னார். முப்பது வருஷச் சிநேகிதி எனக்கு இதை மூன்றாம் மனிதர் சொல்ல வேண்டுமா? சரி, போகட்டும். எனக்குச் சந்தோஷம்தான். "மாமா" என்ற ஒரே ஒரு சொல்லுக்கு ஒரு முழுப் புத்தகம்!

கவுன்ட்டருக்கு வந்தவர்களை எல்லாம் மடக்கி மடக்கிக் கேட்டோமே, நினைவிருக்கிறதா? கல்யாணச் சான்றிதழோடு வந்த ஜார்ஜியாக்காரர், அவர்கள் மொழியில் மாமா என்றால் அப்பா என்றதும் நீ பேனாவைக் கீழே போட்டுவிட்டாய். கொரியப் பெண் ஒருத்தி, அந்தக் காலத்தில் அரசரை அப்படித்தான் அழைப்பார்கள், பெரியம்மைக்கும் அதே பெயர்தான் என்றாள். மாவோரி மாலுமி கனமில்லாதது என்றார். பாதி உலகத்துக்கு அம்மா. நமக்கு அம்மாவின் அண்ணன் தம்பி, சில வீடுகளில் புருஷனும்கூட. சில இடத்தில் குழந்தை உதட்டைச் சேர்த்துத் திறந்ததில் பிறந்தது, சில இடத்தில் சும்மா தற்செயல். ஒலி ஒன்றாக இருப்பதால் உறவு ஆகிவிடாது என்று, கேட்டதை எல்லாம் சீட்டில் எழுதிப் போட்ட பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டினாயே.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இரண்டு வாரம் என்று எடுத்துப் போனாய். இருபது மாதம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் துக்கத்துக்கு வந்தபோதும் வெறுங்கையோடு வந்தாய். மற்ற சீட்டுகள் உன்னிடமே இருக்கட்டும். நூல் சுற்றிய கடைசிக் கட்டு மட்டும் எனக்கு வேண்டும். பக்கவாதம் வந்த பிறகு மூன்று வருஷம் இவர் வாயில் மிஞ்சியது மாமா என்ற அந்த ஒரு சொல்தானே. நான் அவரைக் கூப்பிட்ட சொல்லாலேயே அவர் என்னைக் கூப்பிட்டார். முதல் எழுத்தை இழுத்தால் தண்ணீர். கடைசியை உயர்த்தினால், வந்தது யார்? இப்படி நான் எழுதி வைத்தது பத்தொன்பது சீட்டு. ஒவ்வொன்றின் தலையிலும், மொழி: எங்கள் வீட்டு மொழி. பேசுபவர்: ஒருவர். கேட்பவர்: ஒருவர்.

அவர் குரல் எதிலும் பதிவாகவில்லை. எனக்கு இருப்பது அந்தக் கட்டுதான். அனுப்பி வை.

உன் குண்டூசி


ஜூன் 19

என் செல்லக் குண்டூசிக்கு,

திட்டு, திட்டு, நன்றாகத் திட்டு. நீ திட்டாவிட்டால்தான் எனக்குப் பயம். உனக்குத் திடீரென்று புத்தகத்தையே கையில் கொடுக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் அந்த வழுக்கைத் தலையர் போட்டு உடைத்துவிட்டார்.

இத்துடன் ஒரு பிரதி வருகிறது. முன்னுரையின் கடைசிப் பத்தியைப் பார், நீ இருக்கிறாய். வெளியீட்டு விழாவில் உட்கார இடமில்லை. ஏழாம் அத்தியாயத்தை வாசித்தபோது முன்வரிசையில் ஒரு நீதிபதியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தினமும் கடிதம், தினமும் கூட்டம். சாப்பிட நேரமில்லாமல் திரிகிறேன்.

பெட்டி பத்திரமாக இருக்கிறது. கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்டு அனுப்புகிறேன். படித்துவிட்டு நாலு வரி எழுது. ஊரே பாராட்டினாலும் உன் வாயால் கேட்டால்தான் எனக்கு நிறையும்.

என்றும் உன்னை ஒட்டிக்கொண்டிருக்கும்
பசை


ஜூலை 2

பசைக்கு,

படித்தேன். ஏழாம் அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை எனக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை விரலை வைத்து வரிவரியாகப் படித்தேன். மூன்றாம் முறை, நீதான் எழுதினாயா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

பெயர் சொல்லக் கூடாத ஒரு தீவு. அங்கே அழியப்போகும் ஒரு மொழி. அதைப் பேசும் கடைசி மனிதர், ஒரு கிழ மீனவர். அவர் கையைப் பிடித்தபடி நீ உட்கார்ந்திருக்கிறாய். அவருக்கு இடது கண் பாதி மூடியிருக்கிறது. நீலச் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.

அந்தப் பொத்தானைத் தைக்காமல் விட்டவள் நான்தான். அவர் ஆயுள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். ஆற்றுப் பாலத்தைக் கடந்தால்கூடக் கண்ணை மூடிக்கொள்ளும் மனுஷன். அவரைக் கொண்டுபோய் நடுக்கடலில் படகில் ஏற்றியிருக்கிறாய்.

பத்தொன்பது சீட்டும் வரிசை மாறாமல் இருக்கின்றன. தண்ணீர் இருக்கிறது, வந்தது யார் இருக்கிறது, தலையணையைத் திருப்பு என்பதுகூட இருக்கிறது. எதற்கு இந்த வேலை? எல்லா மாமாவும் ஒரே வேரில் கிளைத்தவை என்று சொல்ல உனக்கு நடுவில் ஒரு மொழி வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. என் புருஷனைப் போட்டு அடைத்துவிட்டாய். பெட்டி மூடியில் எழுதி ஒட்டிய அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது.

முன்னுரையில் "மூலங்களைச் சரிபார்த்துத் தந்த தோழி" என்று என் பெயரைப் போட்டிருக்கிறாய். நான் எதைச் சரிபார்த்தேன்? முப்பது வருஷம் முத்திரை குத்தியவள் நான். பார்க்காத தாளில் ஒரு நாளும் குத்தியதில்லை. உனக்கும் அது தெரியும், அதனால்தான் என் பெயர் உனக்குத் தேவைப்பட்டது.

நீ என் தலையில் கல்லைப் போட்டுவிட்டாய். என் சீட்டுகளை உடனே அனுப்பு. அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு.

குண்டூசி


ஜூலை 13

அன்பு குண்டூசிக்கு,

உன் கோபம் எனக்குப் புரிகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேள். முதலில் அண்ணனைப் பற்றி உள்ளது உள்ளபடிதான் எழுதினேன். பதிப்பாளர் படித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக் கதையை யாரும்மா படிப்பாங்க?" என்றார். ஒரு வரியை மாற்றினேன். அப்புறம் அதற்காக இன்னொன்றை மாற்ற வேண்டியிருந்தது. அப்படியே போய்விட்டது.

நான் அண்ணனை அவமானப்படுத்தவில்லையடி. ஒரு நோயாளியின் உளறலுக்கு ஒரு மொழி என்ற மரியாதையை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இன்று ஆயிரக்கணக்கான பேர் அவரை நினைத்து அழுகிறார்கள். அவரைத் தெரியாது, அவ்வளவுதான். பெட்டியை எடுக்க வந்த அன்றைக்கு அவர் என்னைப் பார்த்து "மாமா, மாமா" என்றபோது, "உன்னை உக்காரச் சொல்றாருடி" என்று நீதானே சொன்னாய்? அதுதான் அத்தியாயத்தின் கடைசி வரி. கடைசி மனிதர் என்னை வரவேற்றார் என்று முடித்திருக்கிறேன். அந்த வரியையாவது நீ பொய் என்று சொல்ல முடியாது.

இப்போது ஒரு சிக்கல். மொழி ஆய்வு நிறுவனம் ஒன்று அந்தத் தீவுக்கு ஆள் அனுப்ப விரும்புகிறது. முன்னுரையில் உன் பெயர் இருப்பதால் உனக்கும் எழுதுவார்கள். ஒரு வயதான மீனவர் சொல்லக் கேட்டுக் குறித்தது, அவர் இப்போது இல்லை என்று இரண்டு வரி எழுதிவிடு, போதும். இல்லையென்றால் என் உழைப்பு, என் பெயர், எல்லாம் போய்விடும். உன் காலில் விழுகிறேன்.

சீட்டுகளை உடனே அனுப்ப முடியாது. பதிப்பாளர் நடத்தும் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வீட்டு மொழி என்ற தலைப்பு வரியை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுத்தேன்.

உன்னை நம்பியிருக்கும்
பசை


ஜூலை 21

பசைக்கு,

நிறுவனத்தின் கடிதம் வந்தது. அன்றே பதில் எழுதிவிட்டேன். தீவு என்பது சந்துக்குள் இருக்கும் இரண்டு அறை வீடு. மீனவர் என்பவர் என் கணவர், லிஃப்ட் மெக்கானிக். அந்த மொழி மூன்று வருஷமும் இரண்டு மாதமும் வாழ்ந்தது. அது எந்த மொழிக்கும் தாயுமில்லை, பிள்ளையுமில்லை. ஆதாரமாக அவருடைய இறப்புச் சான்றிதழை நானே மொழிபெயர்த்து, நானே முத்திரை குத்தி இணைத்திருக்கிறேன். சீட்டுகளின் சொந்தக்காரி நான் என்பதையும் எழுதியிருக்கிறேன். அந்த முத்திரையைக் குத்தும்போது உன் முகம் கண் முன்னால் வந்தது. ஆனாலும் குத்தினேன்.

உளறல் என்று எழுதிவிட்டாயே. அது எனக்குப் புரிந்த மொழி.

அந்தக் கடைசி வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். நீ கட்டில் பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்து, அவருடைய கட்டைப் பிரித்து உன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய். அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் டம்ளரோடு வந்தபோது இரண்டு முறை சொன்னார். இரண்டும் குட்டையாக, வெடுக்கென்று. கண் உன் மேல் இல்லை, பெட்டியின் மேல் இருந்தது.

கண்காட்சிக்குப் போய்ப் பதினோராம் சீட்டைப் பார். குட்டையாக இரண்டு முறை சொன்னால், "மூடு".

எனக்கு அப்போதே புரிந்தது. உன் மனசு நோகுமே என்று உட்காரச் சொல்கிறார் என்றேன். அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே காது நான். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, உனக்காக மாற்றிச் சொன்னேன். பெட்டியை என் கையாலேயே உன்னிடம் தூக்கிக் கொடுத்து, பஸ் ஸ்டாப்வரை வந்து வழியனுப்பினேன். திரும்பி வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அன்று சாயங்காலம்வரை அவர் என்னைக் கூப்பிடவில்லை.

முப்பது வருஷத்தில் நான் தப்பாக மொழிபெயர்த்தது அந்த ஒன்றுதான். இன்று திருத்திவிட்டேன். நீ இனி எனக்கு எழுத வேண்டாம்.

மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.

(ஒப்பம்)
மொழிபெயர்ப்பாளர், ஓய்வு