மூக்கு முதலாளியும் கோணல் சுவரும்

மார்ச் 4

ஆற்றுப் பாலம் வெள்ளத்தோடு போன வருஷம். மகனுக்கு முதல் பல் முளைத்ததும் அப்போதுதான். அந்த வருஷம்தான் என் அறைக்குப் பூப்போட்ட சுவர்த்தாள் ஒட்டினேன்.

(நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. அது தப்பாக எழுதினாலும் எங்களுக்குள் சண்டை வராது.)

இன்று மருமகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "கிழிச்சிட்டு வெள்ளை அடிச்சிடலாம் மாமா. பூவெல்லாம் பாதி பாதியா நிக்குது. ஊருக்கெல்லாம் தாள் ஒட்டுனவர் வீட்டுச் சுவரா இது?"

மகன் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டான். புத்திசாலி.

மார்ச் 6

அலங்காரமே வேண்டாமாம். சுவர் சும்மா இருந்தால் மனசு அமைதியாக இருக்குமாம்.

"படுத்துக் கிடக்கிறவன் கண்ணுக்கு ஏதாவது வேலை வேணாமாம்மா?"

"அதான் டி.வி. இருக்கே."

என் மனைவியும் நானும் சேர்ந்து பசை தடவிய சுவர். டி.வி.யாம்!

மார்ச் 9

பெயிண்டர் வந்தான். தாளைச் சுரண்ட அவன் கொண்டுவந்த தகட்டைக் காணவில்லை. எல்லாரும் தேடினார்கள். நானும் குனிந்து நிமிர்ந்து தேடினேன்.

மார்ச் 10

தலையணை உறை மாற்ற வந்தவள் கையில் தகடு சிக்கிவிட்டது. "என்ன மாமா இது?" இடுப்பில் கை வேறு. இனி மறைத்து என்ன பயன்? சொல்லிவிட்டேன்.

எங்கள் சுவர்த்தாள் ஆலை முதலாளிக்கு மூக்கு பெரிசு. எந்தப் பூவை வரைந்து காட்டினாலும் "இன்னும் கொஞ்சம் பெரிசா" என்பார். டிசைன் வரைகிறவருக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. ஒரு பூவை இரண்டாகப் பிளந்து, தாளின் இந்த ஓரத்தில் பாதி, அந்த ஓரத்தில் பாதி வரைந்தார். தனித் தாளில் ஒன்றும் தெரியாது. இரண்டு தாளை ஒட்டிச் சேர்த்தால் பூவுக்கு நடுவே முதலாளி, மூக்கும் முழியுமாக! சாயம் கலக்குகிறவனும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

முதலாளி ஒரே ஒரு தாளை மேஜையில் விரித்துப் பார்த்துத் தலையாட்டினார். தன் படுக்கையறைக்கே ஒட்டச் சொன்னார். நான்தான் ஒட்டினேன், மயிரிழை பிசகாமல்.

மிச்சத் தாள் என் வீட்டுக்கு வந்தது. மனைவி பார்த்தாள். "அந்த ஆளு முழிச்சுப் பார்க்க, நான் இங்க துணி மாத்தணுமா?" அதனால் ஒன்று விட்டு ஒரு தாளை ஒரு சாண் இறக்கி ஒட்டினேன். முதலாளி முகம் போனது, கூடவே என் பேரும். வருகிறவர்களெல்லாம் கேலி செய்வார்கள். நாங்கள் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

"நல்லாத்தான் கதை விடுறீங்க மாமா."

"வா, காட்டுறேன்."

மார்ச் 13

முதலாளி வீட்டுக்குப் போனோம். அவர் இப்போது படுத்த படுக்கை, நான் தாள் ஒட்டிய அதே அறையில். சுவர் முழுக்க வரிசையாக மூக்கு. மருமகள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"நம்ம ஆளுங்க யாருப்பா இருக்கா?" என்றார்.

"வரைஞ்சவர் போயிட்டாருங்க. சாயக்காரன் போயிட்டான். என் வீட்டுக்காரியும் போயிட்டா."

மெதுவாகக் கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். "எல்லாம் நல்லாத்தான் போட்டான். மூக்கை மட்டும் கொஞ்சம் பெரிசாக்கிட்டான்."

"எப்போலேருந்துங்க தெரியும்?"

"நீ ஏணியை விட்டு இறங்குன அன்னைக்கே. ராத்திரி முழுக்கக் கோவம். காலையில கிழிக்கச் சொல்லலாம்னு எழுந்தேன். சுவத்துல இந்த ஆளு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு! என்ன பண்ண? இப்போ இவர்கிட்டதான் பேசிக்கிட்டு இருக்கேன்."

திரும்பும் வழியிலேயே மருமகள் பெயிண்டருக்குப் போன் போட்டாள்: வர வேண்டாம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நம்ம வீட்டுல கோணலாவே இருக்கட்டும் மாமா. அத்தை சொன்னது நியாயம்தான்" என்றாள்.

அந்தப் பூவின் ரகசியம் அன்றே தெரிந்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான் என்று இத்தனை வருஷம் மிதப்பாக இருந்தேன். இல்லையாம். இன்னும் ஒருவர் உயிரோடு இருக்கிறார். மூக்கு முதலாளி.