தலையணைமேல் கிடந்த ரிசீவர்

செவ்வாய், இரவு.

காலையில் முதல் வேலையாகப் போன் பெட்டியின் தூசியைத் துடைத்தேன். பிராட்பேண்ட் வந்தால் மகள் கடலூரிலேயே இருந்து வேலை பார்ப்பாள். இல்லாவிட்டால் சென்னைக்குப் போய்விடுவாள்.

பிராட்பேண்ட் கொடுக்க வந்த லைன்மேன் செய்த டெஸ்டில் லைன் மறுபடியும் தேறவில்லை. அவர் சொன்னார்: "இதே லைன்ல இன்னொரு போன் இருக்குக்கா. ரிசீவர் எடுத்தபடி கெடக்கு. பல்லி தட்டி உட்டுச்சோ என்னவோ! அதைக் கழட்டிட்டா நெட்டு வந்துரும்."

என் கணவர் இறந்தபின் பூட்டிய மாடி அறையைத் திறந்தேன். சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ரிசீவர் தலையணைமேல் கிடந்தது. காதில் வைத்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு இரைச்சல், "கடலூர், கடலூர்" என்று கண்டக்டர் குரல். வேலை முடிந்ததும் என் கணவர் தினமும் அங்கிருந்துதான் கூப்பிடுவார்.

கீழே வந்து, "வேற போன் எதுவும் இல்லியே தம்பி" என்றேன்.

மகள் சென்னைக்கே போகட்டும். அந்த ஒயரை நான் கழற்றப் போவதில்லை.