தலை பின்னிவிட்டது யார்?

ஜூன் 4

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், நீ எழுதாவிட்டாலும்.

நீ அனுப்பிய உறை வந்தது. உள்ளே ஒரு சம்மதக் கடிதம். "இந்தக் குழந்தையை எங்கள் பேத்தியாக முழு மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம்" என்று நீயே அச்சடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டிருக்கிறாய். உன் அம்மா காய் நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு உடனே போட்டுவிட்டாள். நான் போடவில்லை.

நீ வேறொரு தேசத்திலிருந்து, வேறு நிறத்தில், வேறு பேச்சு பேசும் நான்கு வயதுப் பெண்ணைத் தத்தெடுக்கப் போகிறாய் என்பது ஒரு விண்ணப்பத்தின் மூலமாகத்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் நாற்பது வருடம் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியிருக்கிறேன், யாரும் கற்றுத் தராமல். மேலே ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன எழுதியிருந்தாலும், திறந்து சுற்றுகளை நானே எண்ணாமல் ஒரு மோட்டாரையும் தொட்டதில்லை. பிள்ளை விஷயத்தில் மட்டும் எண்ணாமல் கையெழுத்துப் போடுவேனா?

அவள் இப்போது எங்கே தூங்குகிறாள்? பக்கத்தில் யார்? எதற்கு அழுவாள்? நீ பேசினால் அவளுக்குப் புரியுமா? எழுது. போன் செய்யாதே. போனில் நீ அழுவாய், நான் கத்துவேன்.

உன் அப்பா

ஜூன் 15

அப்பாவுக்கு,

உங்களிடம் முன்பே சொல்லாதது தப்புதான். சொன்னால் இப்படித்தான் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

அவள் இருப்பது நாற்பது குழந்தைகள் உள்ள ஒரு விடுதியில். நீளமான அறை, இரும்புக் கட்டில்கள். "உறவினர் எவரும் இல்லை" என்று கோப்பில் இருக்கிறது. இரண்டு முறை போய்ப் பார்த்தோம். என்னிடம் பேசவில்லை. என் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் காலில் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான் தெரியும் அப்பா. மிச்சத்தை அவள் வந்த பிறகு தெரிந்துகொள்வோம். நம் வீட்டுப் பிள்ளை மாதிரியே வளர்ப்போம்.

விடுதி மாதம் ஒன்றாக அனுப்பிய மூன்று படங்களை இதோடு வைத்திருக்கிறேன். அவள் தலைமுடி சுருள் சுருளாக, அடர்த்தியாக இருக்கிறது. என் சீப்பு அதில் நுழையாது. வந்ததும் கத்தரித்துவிடலாம் என்று இவர் சொல்கிறார்.

தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள். அடுத்த மாதம் பதினைந்துக்குள் தத்தெடுப்பு அதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும்.

உங்கள் மகள்

ஜூன் 27

அன்புள்ள மகளுக்கு,

படங்களைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன்.

"நம் வீட்டுப் பிள்ளை மாதிரியே" என்று எழுதியிருக்கிறாய். அவள் கண்ணாடி பார்க்க மாட்டாளா? தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்போது உன் முகத்தைப் பார்ப்பாளா, மாட்டாளா? அப்போது என்ன சொல்வாய் என்று யோசித்துவிட்டுக் கத்தரியை எடு.

ஒரு சங்கதி. மூன்று படத்திலும் பின்னால் நிற்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் மொட்டைத் தலை. இவளுக்கு மட்டும் மெல்லிய பின்னல்கள், வரிசை வரிசையாக. மூன்று படத்தில் மூன்று விதம். எனக்கு இது உறுத்தியது. நம் பேருந்து நிறுத்தத்தில் அதே மாதிரி பின்னலோடு ஒரு வெளிநாட்டு மாணவி நிற்பாள், கல்லூரியில் படிக்கிறாள். நம் பேச்சு நன்றாகவே வரும். படங்களை எடுத்துக்கொண்டு போனேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்: "வயசான காலத்துல பொம்பளப் பிள்ளைங்க தலைமுடியப் பத்தி விசாரிச்சிட்டுத் திரியப் போறீங்களா? தர்ம அடி வாங்கிட்டு வராதீங்க."

அடி விழவில்லை. அந்தப் பெண் முதலில் சிரித்தாள். அப்புறம் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"தாத்தா, இது மூணு மணி நேர வேலை. குழந்தை மடியில சாஞ்சு உக்காரணும். நாப்பது பிள்ளைங்க இருக்குற இடத்துல சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்க இதச் செய்ய மாட்டாங்க. இவளுக்கு யாரோ இருக்காங்க."

அவள் சொல்வதற்கு முன்பே எனக்குப் பாதி தெரியும். மூன்று தலையும் ஒரே கை கட்டியது. வகிடு கடைசியில் இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. காயிலைப் பார்த்தே கட்டினவன் யார் என்று சொல்கிறவன் நான்.

அது யார் என்று கேட்டுச் சொல். அதுவரை என் கையெழுத்து கிடையாது.

உன் அப்பா

ஜூலை 20

அப்பாவுக்கு,

நான் பதில் எழுதுவதற்குள் நீங்களே அதிகாரிக்கு எழுதிவிட்டீர்கள். சம்மதக் கடிதத்தின் மேலே இருந்த முகவரியைப் பார்த்து, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லாமல். அவர் அதைத் தனியாக ஆள் வைத்து மொழிபெயர்த்திருக்கிறார். நீங்கள் அதில் கேட்டிருந்தது: "கோப்பில் உறவினர் இல்லை என்று இருக்கிறது. அப்படியானால் தலை பின்னிவிட்டது யார்?" விசாரணை முடியும்வரை எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

அவளுக்காக வாங்கிய கட்டில், பெட்டிகூடப் பிரிக்காமல் நடுக்கூடத்தில் கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அவள் கிடைக்காமல் போனால் உங்களை மன்னிப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கேட்டது பிள்ளைக்காகவா, உங்களைக் கேட்கவில்லை என்ற கோபத்துக்காகவா?

மகள்

ஆகஸ்ட் 2

மகளுக்கு,

இரண்டுக்காகவும்தான்.

என்னிடம் சொல்லவில்லை என்று கோபப்பட்டவன், உன்னிடம் சொல்லாமல் எழுதியிருக்கக் கூடாது. அது தப்பு. கேட்ட கேள்வி தப்பில்லை. அதைத் திரும்பப் பெற மாட்டேன்.

உன் அம்மா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுகிறாள். உனக்குப் பிள்ளை கிடைக்காமல் போனால் அந்தப் பழி என்மேல்தான். அது தெரிந்துதான் தபாலில் போட்டேன்.

அப்பா

செப்டம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

அவளுக்கு அக்கா இருக்கிறாள்.

பத்து வயது. அதே வளாகத்தில், பள்ளிக்கூடப் பெண்கள் இருக்கும் அடுத்த கட்டடத்தில். தங்கை வருவதற்கு எட்டு மாதம் முன்னதாக வேறு யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். வேறு கோப்பு, வேறு எண். இருவரையும் சேர்த்து யாரும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து தங்கையை மடியில் போட்டுப் பின்னிவிட்டுப் போவாளாம். தங்கைக்கு மொட்டை அடிக்க வந்தவரின் கையைக் கடித்துவிட்டாளாம். பார்த்த ஆயாக்கள், பெரிய பெண் பிரியமாகச் செய்கிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். தங்கையைக் கூட்டிப்போக ஆள் வருகிறது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தான் அக்கா என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தங்கைக்கு வீடு கிடைக்காமல் போகும் என்று நினைத்தாளாம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் மூலமாக ஒன்றே ஒன்று கேட்டாள்:

"இவங்களுக்குப் பின்னத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னேன் அப்பா. கத்தரிக்க நினைத்திருந்தேன் என்பதைச் சொல்லத் துணிவு வரவில்லை.

இருவரையும் சேர்த்து என்றால் எல்லாம் முதலிலிருந்து. ஒரு வருடமாவது ஆகும். வீடு மாற வேண்டும். இவர் இரண்டு நாள் செலவுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இன்று காலையில் "கட்டிலை அடுக்குக் கட்டிலா மாத்திக்கலாமான்னு கடையில கேளு" என்றார். இந்த முறை முதலில் உங்களிடம் கேட்கிறேன். இருவரையும் அழைத்து வரலாமா?

இதோடு புதுப் படிவம் வைத்திருக்கிறேன். எதையும் நான் நிரப்பவில்லை.

உங்கள் மகள்

செப்டம்பர் 21

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை உன் அம்மா சத்தமாகப் படித்தாள். நடுவில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மிச்சத்தை நானே படித்துக்கொண்டேன்.

என்னிடம் கேட்டதற்குச் சந்தோஷம். ஆனால் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. பெரியவளிடம் கேள். ஒருமுறை கேட்டு விட்டுவிடாதே. பத்து வயதுப் பெண் முதல் தடவையில் உண்மையைச் சொல்ல மாட்டாள், அதுவும் தங்கைக்காக வாயை மூடிப் பழகியவள். அவள் உன்னை அம்மா என்று கூப்பிட மாட்டாள். கூப்பிடச் சொல்லாதே. பின்னக் கற்றுக்கொடு என்று அவளிடமே போய் உட்கார். மூன்று மணி நேரம் ஆகுமாம். நல்லதுதான்.

ஒருத்தியை மட்டும் அழைத்து வந்தால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. சொல்லுவேன். நீ அப்படிச் செய்ய மாட்டாய் என்றும் தெரியும்.

படிவத்தை நானே நிரப்பியிருக்கிறேன். என் வயது, தொழில், உடல்நிலை எல்லாம் உள்ளபடி. கடைசிக் கேள்வி, "இக்குழந்தைகளை உங்கள் பேத்திகளாக ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று. அதற்கு உன் அம்மா "ஆம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாள். நான் எழுதியது இது:

"என்னைத் தாத்தாவாக ஏற்றுக்கொள்வதா என்று முதலில் அவர்கள் பார்க்கட்டும். எனக்கு அவசரமில்லை. காத்திருக்கிறேன்."

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதிகாரி இந்தப் பதிலை மாற்றச் சொன்னால், அப்பா மாற்ற மாட்டார் என்று சொல்லிவிடு.

உன் அப்பா