கிர்கெனஸிலிருந்து வாட்சோவுக்குக் கால் மணித்தியாலம்

12 பெப்ரவரி 2004, வியாழன்

மகள் வடகோடி ஊரான வாட்சோவில் தாதி வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிழை என்னுடையது. வரைபடத்தில் விரலால் அளந்துவிட்டு, "கிர்கெனஸிலை இறங்கி டாக்சி பிடி, பக்கத்திலைதான்" என்று அதுவரைக்கும்தான் டிக்கெட் எடுத்தேன். இவ்வளவு வருடம் நோர்வேயில் இருந்தும் நடுவில் கடல் கிடப்பதைக் கவனிக்கவில்லை. சுற்றிப் போகும் பாதையும் பனிப்புயலால் மூடியிருந்ததாம். விமான நிலையத்துப் பெண் ஒருத்தி, இவள் அழுததைக் கண்டு, சின்ன விமானத்தில் கடைசி இருக்கையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

தொலைபேசியில் மகள் சிரித்தாள். "கால் மணித்தியாலம்தான் அப்பா. பெல்ட்டைப் போட்டுக் கழட்டினதுதான். அம்மா கட்டித் தந்த புட்டையும் சம்பலையும் சீட் பிடிச்சுத் தந்த அவவுக்குக் குடுத்திட்டன்."

முகம் தெரியாத அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும். சம்பல் உறைக்கும் என்று சொல்லிக் கொடுத்தாளோ தெரியவில்லை.