ஐந்தாவது தட்டு

ஐப்பசி 12, செவ்வாய்.

வால்பாறைக் காட்டு மண்ணைக் கரைத்து ஐந்து தட்டுகளில் பாக்டீரியா வளர்த்திருந்தோம். இன்று கல்லூரி லேபில் எடுத்துப் பார்த்தேன். நான்கு தட்டுகளில் மஞ்சள், ரோஸ், சாம்பல் என்று விதவிதமாக வளர்ந்திருந்தது. ஐந்தாவதில் ஒரு வெள்ளைப் படலம் மட்டும்.

"தப்பு என்னுதுதானுங்க மேடம்," என்றாள் மாணவி நஸ்ரின். "டிஸ்டில்டு வாட்டர் தீந்துபோச்சுங்க. அந்த ஒண்ணை மட்டும் உங்க பாட்டில் தண்ணியில கரைச்சுட்டேன்."

அது எங்கள் வீட்டு போர் தண்ணீர். வீட்டுக்குப் பின்னால்தான் சாயப்பட்டறை. மற்றதையெல்லாம் அந்தத் தண்ணீர்தான் கொன்றிருக்குமோ?

மறுபடி செய்து பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்று வகுப்பில் சொல்பவள் நான். வீட்டிலும் சொல்லவில்லை.

சாப்பிட்டதும் மகள், "அம்மா, தண்ணி," என்றாள். குடத்தில் மொண்டு நானேதான் கொடுத்தேன்.