ஸ்டெல்லாவின் டிக்கெட்

வியாழன், இரவு

புயல் வருவதால் நாளை சென்னையிலிருந்து விமானங்கள் ரத்தாகலாம், இன்றைக்கே மாற்றிக்கொண்டால் கட்டணம் இல்லை என்று காலையில் மெயில் வந்தது. நாளைய விமானங்களுக்கு எங்கள் டிராவல்ஸில் டிக்கெட் எடுத்த எல்லோரையும் நான்தான் போனில் கூப்பிட்டேன்.

ஸ்டெல்லா மட்டும் தயங்கினாள். குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவள். அவள் அப்பா மூன்று நாளாக நினைவில்லாமல் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"இன்னும் ஒரு நாள் அப்பா பக்கத்துல இருந்துட்டுப் போறேன்க்கா."

"சனிக்கிழமைக்குள்ள அங்க போய்ச் சேரலன்னா விசா போய்டும். நாளைக்கு ஃப்ளைட் நின்னுட்டா இன்னா பண்ணுவே?" என்றேன்.

கடைசியில் சரி என்றாள். இன்று மாலை விமானத்துக்கு மாற்றிக் கொடுத்தேன்.

எட்டு மணிக்கு அவள் அண்ணன் கூப்பிட்டார். "மேடம், அப்பா கண்ணு தெறந்துட்டாரு. ஸ்டெல்லா எங்கேன்னு கேக்கறாரு. அவளுக்கு போன் போகல."

விமானம் கிளம்பி ஒரு மணி நேரமாகிறது என்றேன்.

"பரவால்ல மேடம், நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டதாம். நாளைய விமானம் குறித்த நேரத்தில் புறப்படும் என்று இப்போது மெயில் வந்திருக்கிறது.